முப்பத்தொன்பது ஆப்பிள் மரமும் ஒரு தொட்டில் மரமும்

பழமரம் வளர்க்கிறவனுக்கு நெஞ்சு திக்கென்று ஆகாத நாள் ஒன்று இருந்தால், அன்றைக்கு அவன் தோட்டத்துப் பக்கமே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எண்பதுகளில் ஏற்காட்டில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கூலியாட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு குறைவு. எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அதிகம். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறியபோது விழுந்து வலது முழங்கால் போயிற்று. அதன்பின் காபிக் காட்டுச் சரிவில் என்னால் ஏறி இறங்க முடியவில்லை. முதலாளி இரக்கப்பட்டு, பங்களாவுக்குக் கீழே சமமாகக் கிடந்த நிலத்தில் நாற்பது ஆப்பிள் கன்று வைத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

அன்னா என்று அந்த ரகத்துக்குப் பெயர். காஷ்மீர் ஆப்பிளுக்குப் பனி கொட்ட வேண்டும். இதற்கு நம் மலைக் குளிரே போதும், மூன்றாம் வருஷமே காய்க்கும், அதற்கென்றே வெயில் அதிகமுள்ள ஒரு தேசத்தில் புதிதாக உண்டாக்கினார்கள் என்று முதலாளி சொன்னார். சேலத்தில் கடை வைத்திருந்த அவருடைய மாப்பிள்ளைக்கு இதில் நம்பிக்கை இல்லை. "மூணு வருஷம் பாக்கலாம் மாமா. அதுக்குள்ள வாயில வைக்கிற மாதிரி ஒரு பழம் வரலைன்னா புடுங்கிட்டுக் காபி வச்சிரலாம்" என்று என் முன்னாலேயே சொன்னார். அங்கே காபி வந்தால் எனக்கு வேலை இல்லை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் மனைவியும் சேலத்தில் மகள் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வீட்டில் அவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை.

பச்சை இலை

கன்று வைத்த இரண்டாம் மார்கழியில் முதலாளி வந்து, "எல்லா மரத்துலயும் இலையை உருவிரு" என்றார். எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன். மரம் இடுப்புக்கு மேல் வளர்ந்து, பச்சைப்பசேலென்று நின்றது. பூச்சி இல்லை, புள்ளி இல்லை. "பழுத்த இலையைங்களா?" என்றேன். "எல்லா இலையையும்" என்றார். குளிர் தேசத்தில் பனி விழுந்து இலை தானாகக் கொட்டிவிடும், மரம் தூங்கும், விழித்ததும் பூக்கும். இங்கே இலை கொட்டாது. அதனால் வருஷம் முடிந்ததே மரத்துக்குத் தெரியாது. நாம்தான் உருவித் தெரியப்படுத்த வேண்டும் என்று விளக்கினார்.

காபிப் பழம் பறிக்கிற பெண்கள் ஆறு பேரைக் கூட்டி வந்தேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பழனியம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் முதல் கிளையைப் பிடித்து உருவிக் காட்டினேன். சாயங்காலம் நாற்பது மரமும் குச்சியாக நின்றபோது பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பழனியம்மா மட்டும் நின்று சொன்னாள்: "மேஸ்திரியண்ணா, இந்தப் பாவத்துல எங்களுக்குப் பங்கு இல்லீங்க. நாங்க கூலிக்கு வந்தவிய."

பூத்ததோடு சரி

பொங்கல் கழிந்து சில நாளில் குச்சியெல்லாம் பூ. வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பூத்தது. நான் இலை உருவிய பாவத்தையெல்லாம் மறந்து, மரத்துக்கு மரம் போய்ப் பூங்கொத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு பூ உதிர்ந்தது. பூவோடு காம்பும் உதிர்ந்தது. நாற்பது மரத்திலும் சேர்த்து மூன்று பிஞ்சு நின்றது. அதுவும் ஒரு காற்றில் போயிற்று.

கன்று அனுப்பிய நர்சரிக்காரருக்கு முதலாளி போன் போட்டார். அந்த ஆள் எடுத்த எடுப்பில், "மாப்பிள்ளை மரம் எப்படி இருக்குங்க?" என்று கேட்டாராம். அன்னா தன் பூவின் மகரந்தத்தில் தானே காய்க்காது. பக்கத்தில் வேறு ரகம் பூத்து, தேனீ அங்கிருந்து இங்கே வர வேண்டும். அதற்காக, மாப்பிள்ளை மரமாக, டார்செட் என்ற மஞ்சள் ஆப்பிள் ரகத்தில் நாலு கன்று சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அந்த நாலும் எங்கே? லாரியில் கன்று இறங்கிய அன்று வரவு பார்த்தவர் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "குழி தோண்டுனது நாப்பதுதானுங்களே. மிச்சத்த என்ன பண்ணறது? கரடியூர்ல எங்க மச்சான் ஊட்டுக்குக் குடுத்துட்டனுங்க. நொம்ப நல்லா வந்திருக்குது, அதுலதான் கன்னுக்குட்டி கட்டறாங்க."

எட்டாவது கல்

அன்னாவுக்கு இன்னொரு குணம், கிளையெல்லாம் விறைப்பாக மேலே போகும். அப்படிப் போனால் இலைதான் வரும், பூ வராது. கிளையைப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு மழைக்காலத்தில் கிளை நுனியில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். கல் பெரிதானால் கிளை முறியும். அதனால் ஓடைக்குப் போய் ஒரே கனத்தில் பொறுக்கி வந்தேன். எந்த மரத்தில் எத்தனை கல் என்று எனக்கு மனப்பாடம்.

நடைபாதை ஓரத்து மூலை மரத்தில் நான் கட்டியது ஏழு. ஒரு காலையில் பார்த்தால் எட்டு இருந்தது. எட்டாவது கல் மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. மறுநாள் அதன் பக்கத்தில் ஒரு சின்ன மரத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் மஞ்சள், குங்குமம், அணைந்த சூடம். முதலாளி பார்த்தால் என்ன சொல்வது?

பழனியம்மாவின் மகளை வாழவந்தியில் கட்டிக்கொடுத்து நாலு வருஷமாயிற்று, குழந்தை இல்லை. கல் கட்டித் தொங்கும் மரத்தைக் கண்டதும் அவள் வேண்டுதல் மரம் என்றே முடிவு செய்துவிட்டாள். நான் தயங்கித் தயங்கி, "இது சாமிக்குக் கட்டுன கல் இல்ல, பழனியம்மா. கிளையை வளைக்கிறதுக்கு" என்றேன். அவள் என்னை இரக்கமாகப் பார்த்தாள். "பரவால்லீங்கண்ணா. நீங்க என்னத்துக்கு வேண்டிக்கிட்டீங்கன்னு நாங்க கேட்டமா?"

நான் தொட்டிலைக் கழற்றவில்லை.

உத்தரவு

மூன்றாம் மார்கழி வந்தது. மாப்பிள்ளை சொன்ன கெடு இதுதான். பெண்கள் இந்த முறை முணுமுணுக்காமல் இலையை உருவினார்கள். முப்பத்தொன்பது மரம் முடிந்தது. மூலை மரத்துக்கு வந்ததும் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தொட்டில் கட்டின மரத்தில் இலையைத் தொட மாட்டார்களாம். அதற்குள் அந்த மரத்தில் தொட்டில் மூன்று ஆகியிருந்தது.

"எல்லா மரமும் ஒண்ணாப் பூக்கணும். ஒண்ணு மட்டும் பிந்தினா முதலாளி என்னைக் கேப்பாரு" என்றேன். நானே உருவலாம் என்று கையை நீட்டினேன். ஆறு பேர் பார்வையும் என் கையில் இருந்தது. கை தானாக இறங்கிவிட்டது. பழனியம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "தையில கடைசி வெள்ளிக்கிழமை பொங்க வச்சு, உத்தரவு கேட்டுப்போட்டு உருவிக்கலாமுங்க. அதுக்குள்ள மரம் எங்கீங்க ஓடிப் போகுது?"

பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை

முப்பத்தொன்பது மரம் பூத்தது. புது டார்செட் கன்று அப்போதுதான் நட்டிருந்தோம். அது பூக்க வருஷம் ஆகும். முதலாளி ஒரு யோசனை சொன்னார்: கரடியூருக்குப் போய், கன்றுக்குட்டி கட்டிய அந்த மரங்களில் பூத்த கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து, தண்ணீரில் செருகி நம் மரத்தில் தொங்கவிட்டால் தேனீ மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இப்படியும் செய்வார்களா என்று நான் திகைத்தேன். செய்வார்களாம்.

கரடியூரில் இலை உருவுகிற ஆள் இல்லாததால் டார்செட் மரங்கள் ஒழுங்கில்லாமல், நினைத்த கிளையில் நினைத்தபோது பூத்திருந்தன. ஒரு வாளித் தண்ணீரில் கிளைகளை நிறுத்தி, ஈரச் சாக்கைச் சுற்றி பஸ் ஏறினேன். கூட்டம். பூ கசங்கக் கூடாது என்று வாளியை சீட்டில் வைத்துவிட்டு நான் நின்றேன். கண்டக்டர் வாளிக்கும் டிக்கெட் போட்டார். வாளியில் இருப்பது மாப்பிள்ளை, இது மாப்பிள்ளை வீட்டார் செலவு என்று அவரிடம் சொல்லிக் கொடுத்தேன்.

தையில் பொங்கல் வைத்து, உத்தரவு வாங்கி இலை உருவிய மூலை மரம் மாசிக் கடைசியில் பூத்தது. அந்த ஒரு மரத்துக்காக மறுபடியும் கரடியூர், மறுபடியும் வாளி, அதே பஸ், அதே கண்டக்டர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏனுங்க பெரியவரே, போன தடவ பாத்த பொண்ணு அமையலீங்களா?"

மரத்துக்கு மரம் பாட்டில்

கிளையைச் செருகித் தொங்கவிட நாற்பது மரத்துக்கும் பாட்டில் வேண்டுமே? ஏற்காட்டு லாட்ஜுகளின் பின்பக்கம் போனால் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். எல்லாம் பிராந்தி பாட்டில். நான் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொன்றையும் சாம்பல் போட்டுக் கழுவி, ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டினேன். பாதிக் காகிதம் வரவில்லை.

கயிற்றில் கட்டி மரத்துக்கு இரண்டாகத் தொங்கவிட்டு, பூங்கிளையைச் செருகி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்த முதலாளி வீட்டம்மா வேலியோரம் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு கையில் பூக்கூடை, ஒரு கை வாயில். ஒரு பக்கம் கல் தொங்குகிறது, ஒரு பக்கம் தொட்டில் தொங்குகிறது, நடுவில் பிராந்தி பாட்டில். அவர்கள் மெல்ல அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: "மேஸ்திரி, உள்ளதைச் சொல்லு. உனக்குத்தான் பழக்கமா, இல்ல மரத்துக்குமா?"

கிள்ளிப் போட்ட பிஞ்சு

பிடித்தது. பூ உதிர்ந்த இடத்திலெல்லாம் கொத்துக்கொத்தாகப் பிஞ்சு. ஒரு கொத்தில் நாலு, ஐந்து. நான் கண்ணில் தண்ணீரோடு முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுவிட்டு, "கொத்துக்கு ஒண்ண விட்டுட்டு மிச்சத்தக் கிள்ளிரு" என்றார். இந்த ரகம் தாங்குவதற்கு மேல் காய்க்கும். விட்டால் எல்லாம் நெல்லிக்காயாக நின்றுவிடும், அடுத்த வருஷம் மரமும் காய்க்காதாம்.

இலையை உருவச் சொன்னபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. ஒற்றைப் பிஞ்சுக்காக வாளி தூக்கி பஸ் ஏறியவன் நான். கிள்ளினேன். கிள்ளியதை எண்ண வேண்டாம் என்று மனதைக் கட்டுப்படுத்தினேன், முடியவில்லை. ஆயிரத்துக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். பிற்பாடு மூலை மரத்திலும் பிஞ்சு நின்றபோது பழனியம்மா என் கையைப் பிடிக்காத குறையாக வந்து நின்றாள். "இதுல மட்டும் ஒத்தையா உடாதீங்கண்ணா, ரெட்டையா உட்டுருங்க. எம்புள்ளைக்கு வேண்டிக்கிட்டது, சாமி பாத்துட்டு இருக்குதுங்க."

ஏற்காட்டுச் சரக்கு

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் முப்பத்தொன்பது மரமும் பழுத்தன. கொஞ்சம் நீண்ட பழம். வெயில் பட்ட கன்னம் சிவப்பு, மறுகன்னம் மஞ்சளும் பச்சையும். கடித்தால் படக்கென்று உடையும். சாறு ஒழுகும். இனிப்புக்குள் ஒரு புளிப்பு ஓடும். மாப்பிள்ளை கோடை விழாவுக்கு வரும்போது பார்க்கட்டும் என்று நல்லதாகப் பொறுக்கி, பங்களாவில் வைக்கோல் போட்டுக் கூடையில் அடுக்கினேன். மீதியை எஸ்டேட் கேட்டில் வைத்து விற்கச் சொன்னார் முதலாளி.

காரில் வந்த சென்னைக்காரர் ஒருவர் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். "காஷ்மீரா, குலுவா?" என்றார். "ஏற்காடுதானுங்க. அதோ, அந்த மரம்" என்றேன். கையில் சுட்டதுபோல் பழத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆப்பிளுக்கு இப்படிப் பச்சை இருக்காது, சாயம் சரியாகப் போடவில்லை என்று என்னிடமே குறை சொன்னார். அவர் வீட்டம்மா மட்டும் ஒன்றை வாங்கிக் கடித்தார். கார் கொஞ்ச தூரம் போய், பின்னோக்கியே வந்து நின்றது. இரண்டு கூடை எடுத்துக்கொண்டு அவர் சொன்னது: "பழம் பிரமாதமா இருக்குய்யா. ஆனா ஊர்ல போய் ஏற்காடு ஆப்பிள்னு சொன்னா என்னைப் பைத்தியம்பான். காஷ்மீர்னே சொல்லிக்கறேன்."

கூடையில் இருந்த ராஜா

கோடை விழாவுக்கு மாப்பிள்ளை வரவில்லை. கடையில் வேலையாம். அடுத்த வாரம் என்றார்கள். அதற்கடுத்த வாரம் என்றார்கள். மரத்தில் விட்டிருந்த பழங்களும் ஒன்றிரண்டாக விழத் தொடங்கின. எனக்குச் சந்தேகம் வந்து பங்களாவில் கூடையைத் திறந்து பார்த்தேன். பார்வைக்குப் பழம் அப்படியே இருந்தது. இன்னும் சிவந்துகூட இருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று.

இந்த ரகத்தின் பெரிய குறை அதுதான், சீக்கிரம் பழுக்கும், ஆனால் காத்திருக்காது. குளிர்பெட்டியில் இல்லாவிட்டால் சில நாளில் உள்ளே மாவாகிவிடும். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பத்திரப்படுத்தியதாக நினைத்து, என் லைன் வீட்டை நானே கூடையில் அடுக்கிக் கெடுத்திருந்தேன். பங்களா சமையல்காரர் ஒன்றை வெட்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "வெளியில பாத்தா ராஜா. உள்ள பாத்தா ரவை."

கெடு முடிந்த நாள்

வைகாசிக் கடைசியில் ஜீப் வந்தது. மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் இரண்டு ஆள், கடப்பாரை, ஜீப் நிறையக் காபி நாற்று. கேட்டுவிட்டுத்தான் பிடுங்குவார் என்று நினைத்திருந்தேன். அவர் பிடுங்கிவிட்டுக் கேட்கிற ஏற்பாட்டோடு வந்திருந்தார். முதலாளி கூடையிலிருந்து ஒன்றை நீட்டினார். வேறு என்ன செய்வார், மூலை மரத்தில் இன்னும் காய்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாப்பிள்ளை கடித்தார், மென்றார், வேலியோரம் போய்த் துப்பினார். "மாமா, இதுக்கா மூணு வருஷம்?" என்றார். நான் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். லைன் வீட்டில் எங்கள் சாமான் எத்தனை, மகள் வீட்டில் எது எங்கே வைப்பது என்று என் மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது.

களை எடுத்துக்கொண்டிருந்த பழனியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாப்பிளைங்க, புடுங்கறதுக்கு முந்தி அந்த மூலை மரத்துலயும் ஒண்ணு கடிச்சுப் பாத்துருங்க" என்று ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தாள். இரட்டையில் ஒன்று, சின்னதுதான். அவர் வேண்டாவெறுப்பாகக் கடித்தார். படக்கென்ற சத்தம் கடப்பாரைக்காரனுக்கே கேட்டது. கொட்டை வரைக்கும் தின்றார். தானே கையை நீட்டி இன்னொன்றைப் பறித்தார். பிறகுதான் தொட்டிலைப் பார்த்தார்.

"இது ஒண்ணு மட்டும் எப்படி?" என்று என்னைக் கேட்டார். இலை உருவப் பிந்தியது, பூ பிந்தியது, அதனால் பழமும் பிந்தியது என்று எனக்கு அந்த நொடியில்தான் பொறி தட்டியது. வாய் திறப்பதற்குள் பழனியம்மா முந்திக்கொண்டாள். "சாமி மரமுங்க. நீங்க வர்ற வரைக்கும் பழுக்காதேன்னு சொல்லி வச்சிருந்தமுங்க." மாப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முப்பத்தொன்பது மரத்தையும் பார்த்தார். காபி நாற்றை மேட்டுக் காட்டில் இறக்கச் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "மேஸ்திரி, அடுத்த வருஷம் மத்த மரத்துக்கும் ஆளுக்கொரு தொட்டில் கட்டிரு. எதுக்குச் செலவு பாக்கற?"

ரெட்டை

அடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் வரிசை வரிசையாக, இடைவெளி விட்டு இலை உருவினோம். சித்திரையிலிருந்து ஆனி வரை ஏதாவது ஒரு வரிசையில் கடித்தால் உடைகிற பழம் இருந்தது. முதலாளி இதைத் தன் யோசனை என்று நம்பினார். மாப்பிள்ளை தொட்டிலின் வேலை என்று நம்பினார். நான் யாரையும் திருத்தவில்லை.

பழனியம்மாவின் மகளுக்கு வாழவந்தியில் ஆண் குழந்தை பிறந்தது. ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு எனக்கும் கொடுக்க வந்தவள், சர்க்கரையை என் கையில் போடாமல் கொஞ்ச நேரம் முறைத்தாள். "ஒண்ணுதானுங்க பொறந்திருக்குது. மேஸ்திரியண்ணா, எனக்குத் தெரியாம அந்த மரத்துல எங்கியாச்சும் ஒரு பிஞ்சக் கிள்ளிப்போட்டீங்களா?"

இலையை உருவி, கல்லைத் தொங்கவிட்டு, பாட்டில் கட்டி, பிஞ்சைக் கிள்ளி என்று அந்த ஆப்பிளுக்கு நான் செய்யாத கொடுமை இல்லை, கடைசியில் என் லைன் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்ததோ, ஆறு பெண்கள் முறைத்ததால் நான் அன்றைக்குச் செய்யாமல் விட்ட அந்த ஒரு மரத்து வேலைதான்.